ஏரிச் சீமையில் லாரித் தண்ணீர்

"பணத்தைத் தண்ணீராய் இறைக்கிறான்" என்று ஊதாரியைப் பற்றிச் சொல்வதுண்டு அல்லவா? சென்னைக்கு மேற்கே போய்ப் பாருங்கள். அங்கே சிக்கனமான குடித்தனக்காரர்களே தண்ணீருக்காகப் பணத்தை இறைக்கிறார்கள்!

சென்ட்ரலில் ஆவடி மின்சார ரயிலில் ஏறிக்கொள்ளுங்கள். கொரட்டூருக்கு ஓர் ஏரி, அம்பத்தூருக்கு ஓர் ஏரி, ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி. அங்கிருந்து பஸ் பிடித்துப் பூந்தமல்லியைத் தாண்டினால், சமுத்திரம் போலச் செம்பரம்பாக்கம். "இந்தச் சீமையிலா தண்ணீர்க் கஷ்டம்?" என்று தோன்றும். ஆனால் குழாய் எட்டாத தெருக்களில் எதிர்ப்படுவது லாரியும், கேன் ஏற்றிய வண்டியுந்தான். செம்பரம்பாக்கத்து நீர் நகரத்துக்குப் போகிறது. கொரட்டூர் ஏரியிலோ கழிவுநீர் கலந்து கெடுத்தது.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்தில் திறந்துவிட்ட நீரும் சேர்ந்து அடையாறு கரை புரண்டது. நாலே வருஷத்தில், 2019 கோடையில், அதே ஏரி வறண்டது. அந்த ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி, ஆவடி, அம்பத்தூர் வழியாக வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. ஏரிக்கரை ஊர்களின் வழியே தண்ணீர் ரயில்! இதை என்னவென்று சொல்ல?

லாரித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் சுற்றுக் கிராமத்து வயல் கிணறுகளிலிருந்து. 1882-ம் வருஷத்துச் சட்டப்படி, நிலத்துக்காரருக்கு அடியிலுள்ள நீரை எடுத்துக்கொள்ளும் உரிமை உண்டு. அவர் இறைத்து விற்க, பக்கத்து வயல்காரர் கிணறு வற்றினால் யாரிடம் போய் முறையிடுவது? நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 2003-ல் ஒரு சட்டம் வந்தது. 2013-ல் அதையும் ரத்துச் செய்துவிட்டார்கள்.

தென் அமெரிக்காவில் பொலிவியா தேசத்துக் கோச்சபம்பா நகரில் குடிநீரைத் தனியார் கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். கட்டணம் ஏறியது. ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். 2000 ஏப்ரலில் ஒப்பந்தம் ரத்தாயிற்று. நம் புறநகர்த் தெருக்களிலோ ஒப்பந்தமே இல்லை, ரத்துச் செய்வதற்கு! கூப்பிட்டால் லாரி வருகிறது. ரூபாயை எண்ணிக் கொடுக்கிறோம். ஓசைப்படாமல் தண்ணீர் தனிச்சொத்தாகிவிட்டது.

சகோதரிகளே! லாரிக்காரரை எதிர்பார்த்து வாசலில் நிற்கும் நேரத்தில் ஒரு நாள் உங்கள் ஊர் ஏரிக்கரை வரை நடந்து பாருங்கள். அதில் என்ன கலக்கிறது, கரையை யார் வளைக்கிறார்கள் என்று நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள். ஏரி பொதுவாக இருக்கும் வரையில்தான் குடமும் நம்முடையது.