கூலாயில் இளவேனில் உண்டா?

தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்தபோது ‘வசந்த காலம்’ என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினேன். தென்றல் வீசியது, குயில் கூவியது, சோலை பூத்துக் குலுங்கியது. ஆசிரியர் நல்ல மதிப்பெண் கொடுத்தார். அந்தச் சோலை எந்த ஊரில் இருந்தது என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் புவியியல் பாடம் அந்தச் சோலையை அழித்துவிட்டது. நம் நாடு பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கிறது, ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும்தான் என்று மலாய்மொழியில் மனனம் செய்தோம். சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று படித்ததெல்லாம் தமிழ்நாட்டுக்கு மட்டும்தான் போலும் என்று நானும் விட்டுவிட்டேன்.

விடாதவர் என் பாட்டி.

பாட்டி இளம் வயதிலிருந்து பால்மரம் வெட்டியவர். எங்கள் பேச்சில் ‘தோட்டம்’ என்றால் ரப்பர் தோட்டம்தான். வீட்டுக்குப் பின்னால் நாலு செடி இருக்கும் இடத்துக்கு அந்தப் பெயரைக் கொடுத்தால் பாட்டி சிரிப்பார். அவர் வேலை செய்த தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. இப்போது கூலாயில், தாமான் வீட்டில் எங்களோடு இருக்கிறார். இனிப்புநீர் அவருடைய பார்வையைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது.

இந்த ஆண்டு பிப்ரவரி விடுமுறையில் நான் வீட்டுக்கு வந்த மறுநாள் காலையிலேயே கேட்டார்.

“கண்ணு, அந்தப் பக்கத்துப் பால்மரமெல்லாம் எலை கொட்டிருச்சா, பாரு.”

எங்கள் பின்வேலிக்கு அப்பால் யாரோ விட்டுவைத்த பத்துப் பதினைந்து பால்மரங்கள் உண்டு. பார்த்தேன். பாதி மரங்கள் மொட்டையாக நின்றன. மீதியில் இலைகள் மஞ்சளும் சிவப்புமாக இருந்தன. வெளிநாட்டு நாள்காட்டியில் வரும் படம் போல! இருபத்திரண்டு வயது வரை அந்த வேலி ஓரத்தில் துணி காயப்போட்டிருக்கிறேன். ஒருமுறைகூட இதை நின்று பார்த்ததில்லை.

“தளிர் செவப்பா வர்றப்போ பாக்க அழகாத்தான் இருக்கும். கையில காசு இருக்காது,” என்றார் பாட்டி. மழைக்காலம் ஓய்ந்து வெயில் காய்ந்ததும் மரம் இலையைக் கொட்டும். புதுத் தளிர் விடுவதற்கே அதன் சத்து போய்விடுவதால் பால் குறையும். பால் குறைந்தால் சம்பளம் குறையும், கடையில் கடன் ஏறும். இலை முற்றிய பிறகுதான் மறுபடியும் மங்கு நிறையும். என் கட்டுரையில் மகிழ்ச்சியாக வந்த காலம், பாட்டிக்கு அரிசிக் கடனாக வந்திருக்கிறது. அவர் ஆண்டுதோறும் இலையை விசாரித்தது இதற்காகத்தான்.

அந்த விடுமுறையில் எனக்கும் ஒரு விசாரிப்பு சேர்ந்துகொண்டது. பாட்டி நட்ட மாமரத்தை வெட்டிவிட்டுச் சமையலறையை நீட்ட வேண்டும் என்பது அப்பாவின் திட்டம். சீனப் பெருநாள் கழிந்து ஆட்கள் வருவதாக ஏற்பாடு. நான் மூன்றாம் படிவத்தில் இருந்தபோது காய்த்ததோடு சரி, பிறகு அந்த மரம் பூக்கவே இல்லை. மாமரம் பூக்க வேண்டுமானால் சில வாரங்களாவது நன்றாகக் காய வேண்டும். பெர்லிஸ் மாநிலத்து ஹாருமானிஸ் பெயர் பெற்றதற்கு அங்குள்ள வறண்ட பருவமும் ஒரு காரணம். ஜொகூர் மழை நம் மாமரத்தை அப்படிக் காயவிடுவதில்லை. இதை அப்பாவிடம் சொன்னேன். “அப்படின்னா இங்க வெச்சிருந்து என்ன புண்ணியம்?” என்றார். பதில் இல்லை.

பல்கலைக்கழக நூலகத்தில் ஹோல்ட்டம் என்பவரைப் பற்றிப் படித்திருக்கிறேன். 1925 முதல் 1949 வரை சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்தவர். பருவமே இல்லை என்று சொல்லப்படும் ஊரில் எந்த மரம் எப்போது இலை மாற்றுகிறது, எப்போது பூக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் குறித்து வைத்தார். சில மரங்களின் சுற்று நம் பன்னிரண்டு மாதக் கணக்கோடு ஒத்துவருவதே இல்லையாம்.

எங்கள் மாமரத்தின் கவட்டையில் ஆங்கிரிக் மெர்பாத்தி என்னும் புறா ஆர்க்கிட் தானாக வளர்ந்திருக்கிறது. வெப்பமான நாளில் திடீரென்று பெருமழை பெய்து குளிர்ந்தால், அதிலிருந்து சுமார் ஒன்பதாம் நாள் அது பூக்கும். ஒரு வட்டாரத்தில் இருப்பவை எல்லாம் ஒரே நாளில் பூக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அப்படி ஒரு மழை பெய்தது. விரல் விட்டு எண்ணினேன். அடுத்த வாரம் வியாழக்கிழமை விடிகாலையில் பின்கதவைத் திறந்ததும் வாசம்! கவட்டை முழுக்க வெள்ளைப் புறாக்கள். சாலையோர மரங்களிலும் அதே வெள்ளை. பாட்டியைக் கைபிடித்து மரத்தடிக்கு அழைத்து வந்தேன். பார்க்க முடியாதவர், மூச்சை இழுத்து, “இன்னிக்கு ஒரு நாளுதான். சாயங்காலம் வாடிடும்,” என்றார்.

அப்போதுதான் தாழ்ந்த கிளை ஒன்றின் நுனியில் புடைத்த அரும்பைக் கண்டேன். தொடக்கத்தில் மாவின் இலை அரும்பும் பூ அரும்பும் எனக்கு ஒன்று போலத்தான் தெரிகின்றன. கிளையை வளைத்துப் பாட்டியின் விரலில் கொடுத்தேன். கத்தி பிடித்துக் காய்த்த அந்த விரல்கள் நெடுநேரம் தடவின.

“எலைதான் கண்ணு,” என்றார் மெதுவாக.

இரவு சாப்பிடும்போது அப்பா கேட்டார்: “என்னம்மா, காலையில மரத்தடியில நின்னீங்களாம். பூ ஏதாச்சும் வந்திருக்கா?”

பாட்டி சோற்றைப் பிசைந்துகொண்டே, “அரும்பு விட்டிருக்கு. என்னான்னு பொறுத்துப் பாருப்பா,” என்றார்.

நான் தலைநிமிரவில்லை. அப்பா தொலைபேசியை எடுத்து, ஆட்களைச் சித்திரைக்குப் பிறகு வரச் சொன்னார்.