பூட்டும் சாவியும்

திண்டுக்கல் பூட்டு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. இவ்வூரில் குடியிருப்பதாலோ என்னவோ, சிக்கனம் என்றாலே பூட்டி வைப்பது என்று நெடுநாள் எண்ணியிருந்தோம். மணமான புதிதில் வாடகை, அரிசி, பால் என ஒவ்வொன்றுக்கும் வரம்பு வகுத்து நோட்டில் எழுதினோம். மூன்றாம் மாதமே உறவில் மூன்று திருமணங்கள். எங்கள் திருமணத்திற்கு மொய் செய்தவர்களுக்குத் திருப்பிச் செய்யாதிருக்க இயலுமா? திட்டம் குலைந்தது. அதனினும் பெரிய சேதம், செலவை ஒருவருக்கொருவர் மறைக்கத் தொடங்கியதுதான். நோட்டு பரணுக்குப் போயிற்று.

அதை மீண்டும் எடுக்கச் செய்தது அஞ்சலகத் தொடர் வைப்புக் கணக்கு. ஐந்தாண்டுகளில் 60 தவணைகள். ஒரு மாதம் தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம் கட்டித் தொடரலாம். நான்கு தவணைகள் தவறினால் கணக்கு நின்றுவிடும். அப்போதும் இரண்டு மாதங்களுக்குள் புதுப்பிக்கலாம். மனிதர் தவறுவர் என்பதையும் எண்ணியே அவ்விதிகளை வகுத்திருக்கிறார்கள்!

நாங்களும் அவ்வாறே செய்தோம். மொய், ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், கிறிஸ்து பிறப்புவிழா ஆகிய ஆண்டுச் செலவுகளைப் பன்னிரண்டாய்ப் பகுத்து மாதந்தோறும் ஒதுக்கினோம். வரம்பு மீறிய செலவை மறைக்காமல் சிவப்பு மையில் எழுத உடன்பட்டோம்.

சிவப்பு வரிகள் இன்றும் உண்டு. ஆயினும் இப்போது எழுதுவது பதினோராவது நோட்டு. பூட்டுச் செய்கிறவர் சாவியையும் சேர்த்தே செய்கிறார் என்பதை நாங்கள் தாமதமாகவே உணர்ந்தோம்.