ஊர்வல வண்டிக்கு இரண்டாவது பம்ப்

ஏப்ரல் 14 ஊர்வலத்துக்கு அனுமதி வாங்கி அலைந்த தோழர்களுக்குத் தெரியும். போலீஸ் கொடுக்கும் தாளில் பாதையும் நேரமும் எழுதியிருக்கும். இந்தத் தெருவுக்குள் இத்தனை மணிக்கு நுழைந்து, இத்தனை மணிக்குள் வெளியேறிவிட வேண்டும். அந்தத் தெருவில் நம் வண்டி நின்றுபோனால், எஞ்சின் கொதித்து நின்றது என்று யாரும் எழுதமாட்டார்கள். வேண்டுமென்றே நிறுத்தி வம்பு செய்தார்கள் என்றுதான் புகார் போகும்.

எங்கள் வேன் பழைய டெம்போ டிராவலர். மெர்சிடஸ் பென்ஸ் உரிமத்தில் பஜாஜ் டெம்போ செய்த ஓஎம் 616 டீசல் எஞ்சின். ரோட்டில் 60-ல் போனால் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஊர்வலத்தில் அது பறைக்குப் பின்னால் நடை வேகத்தில் 3 மணி நேரம் ஊர வேண்டும். போன வருடம் ஊர்த்தெரு முனையில் ஆவி கிளம்பிவிட்டது. ஒரு குடம் தண்ணீர் கேட்கப் போன நம் பையனிடம் "மோட்டார் ஓடல" என்றார்கள். பக்கத்தில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

கேட்டு வாங்குவதுதானே போராட்டம், ஏன் ஒதுங்கிப் போக வேண்டும் என்று ஒரு மாணவத் தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் 1927 மார்ச் 20 அன்று மகாடில் அம்பேத்கர் சவதார் குளத்துக்குப் போனபோது, மாநாடு கூட்டி, ஆயிரக்கணக்கானோரோடு திட்டமிட்டுப் போனார். களத்தை அவர் தேர்ந்தெடுத்தார். குழந்தைகளும் கிழவிகளும் உட்கார்ந்திருக்கும் வேன் இரவு 9 மணிக்குக் கொதித்து நிற்கும் இடத்தை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. பழைய பெல்ட் தேர்ந்தெடுக்கிறது.

தண்ணீர் கேன் ஏற்றிக்கொண்டால் போதாதா? போதாது. ரேடியேட்டர் மூடி அழுத்தம் பிடித்து வைப்பதால் உள்ளே 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கும். சூட்டில் மூடியைத் திறந்தால் முகத்தில் பீச்சும். ஆறும்வரை காத்திருக்க வேண்டும். நமக்கு இல்லாதது அந்த நேரம்தான்.

காரணம் எளிது. வாட்டர் பம்பும் விசிறியும் பெல்ட் வழியாக எஞ்சினோடு சுற்றுபவை. எஞ்சின் மெல்ல ஓடினால் இரண்டும் மெல்லத்தான் ஓடும். பேச்சாளருக்காக எஞ்சினை அணைத்தால் இரண்டும் நின்றுவிடும்; இரும்பில் இருக்கும் சூடு மட்டும் நிற்காது. ஹெட்டைச் சுற்றித் தேங்கிய கூலன்ட் அங்கேயே கொதிக்கிறது. எஞ்சின் வேகத்தை நம்பாமல் பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் பம்ப் ஒன்று வைத்தால் கூலன்ட் ஓடிக்கொண்டே இருக்கும். அது இழுப்பது 1 அல்லது 2 ஆம்பியர். நம் ஒலிபெருக்கி இழுப்பதன் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை.

எங்கே வைப்பது என்பதில்தான் வாதம். ரேடியேட்டரின் பெரிய ஹோஸில் செருகலாம் என்றார்கள். வேகமாகப் போகும்போது அந்தச் சின்னப் பம்பே தடையாகிவிடும். எங்கள் வண்டி முன்பு ஊட்டியில் ஓடியது. அதில் ஹீட்டர் இருந்தது. அந்தச் சின்ன ஹோஸ் பாதையில், எஞ்சினுக்குத் திரும்பும் பக்கம், தாழ்வான இடத்தில் பொருத்தினோம். ஐடிஐ முடித்த நம் காலனித் தங்கை ஒருத்திதான் செய்தாள். கூலன்ட் ஓடும் திசையைப் பார்த்து அம்புக்குறியை வைத்தாள். தனி பியூஸ், ரிலே, டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச். எஞ்சின் அணைந்த பிறகும் சில நிமிடம் ஓடட்டும் என்று பேட்டரியிலிருந்து நேராக இணைப்பு. கடைசியில் ஹோஸில் தங்கிய காற்றை வெளியேற்ற முழுதாக ஒரு மணி நேரம் போனது. காற்று தங்கினால் பம்ப் சும்மா சுற்றும்.

இதில் ஒரு கூத்தும் உண்டு. ஹீட்டர் விசிறியைப் போட்டால்தான் சூடு நன்றாக வெளியேறும். சித்திரை வெயிலில் வேனுக்குள் ஹீட்டர்! கிழவிகள் திட்டித் தீர்த்தார்கள்.

அடைத்த ரேடியேட்டருக்கு இது மருந்தில்லை. நாங்கள் முதலில் அதைக் கழற்றிச் சுத்தம் செய்தோம். உப்புத் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கூலன்ட் ஊற்றினோம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுங்கள் என்று சொல்லும் மெக்கானிக்கைக் கேட்காதீர்கள்.

டிசம்பர் 6 அமைதி ஊர்வலத்தில் வண்டி இரண்டரை மணி நேரம் ஊர்ந்தது. முள் நடுவைத் தாண்டவில்லை. ஏப்ரலுக்குள் பெல்ட் மாற்ற வேண்டும். ஞாயிறு காலை இரண்டு பேர் வந்தால் போதும், பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள்.