46 பேனாவும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

போன வருஷம் ஏப்ரலில் ஒரு நாள், அலுவலகத்தில் மும்முரமாக ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து இருக்கை சீன நண்பர் என் மேஜைமேல் இருந்த பேனாப் பையைத் திறந்து பார்த்தார். உள்ளே 6 மைப் பேனாக்கள்.

"வீட்டிலே இன்னும் எத்தனை இருக்கு?"

"இதையும் சேர்த்து 46."

"எல்லாத்திலும் தினமும் எழுதுவியா?"

"பின்னே? எழுதத்தானே பேனா!" என்று கெத்தாகச் சொல்லிவிட்டேன். டொராண்டோவில் ரயிலேறி வீடு வந்து சேருவதற்குள் அது பொய் என்று மண்டைக்குள் குடைய ஆரம்பித்துவிட்டது. என் வேலை முழுக்கத் தட்டச்சுப் பலகையில். கையால் எழுதுவது என்றால், வீட்டுக்கு வரும் பார்சலுக்குக் கையெழுத்து. அதையும் இப்போது விரலால் திரையில் கிறுக்கச் சொல்கிறார்கள்.

சரி, சோதித்தே பார்த்துவிடலாம் என்று சமையலறைக் காலண்டரில் ஒரு கணக்கு வைத்தேன். மைப் பேனாவால் அரைப் பக்கமாவது எழுதிய நாளுக்கு ஒரு டிக். மே மாத முடிவில் எண்ணினால் 19 டிக். பரவாயில்லையே என்று தங்கமணியிடம் காட்டினேன். அவர் காலண்டரை விட்டுவிட்டு நோட்டை எடுத்துப் புரட்டினார்.

"இது பைலட் கஸ்டம் 74, நிப்பு மீடியம், மை நீலக்கருப்பு." "இது லாமி சஃபாரி, நிப்பு ஃபைன், மை பச்சை." அப்புறம் என் கையெழுத்து பத்துத் தடவை. கொஞ்சம் எட்டுகள், சுழிகள். அடுத்த பக்கமும் அதே. அதற்கடுத்ததும்.

"பேனாவை வச்சுப் பேனாவைப் பத்தியே எழுதிட்டிருக்கீங்க. இதுக்குப் பேரு எழுதறதா?"

பதில் இல்லை. மல்லிப்பொடி அரைக்கிற மிஷினில் மிஷின் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தால் வீட்டுக்கு மல்லிப்பொடி எப்படி வரும்?

நான் மட்டும் இல்லீங்க. இங்கே ஸ்க்ரிப்டஸ் என்று ஒரு பேனாக் கண்காட்சி நடக்கும். அங்கே சோதித்துப் பார்க்க வைத்திருக்கும் தாள்களைக் கவனித்திருக்கிறேன். எல்லாரும் எழுதியிருப்பது அந்தப் பேனாவின் பெயரையும் தங்கள் பெயரையும்தான். எனக்குத் தெரிந்த சேகரிப்பாளர்களில் ஒரு ஓய்வுபெற்ற பெரியவர், வாரத்துக்கு ஒரு பேனா என்று முறை வைத்து நாட்குறிப்பு எழுதுகிறார். இன்னொருத்தர் பெட்டியின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்க மாட்டார், விலை குறைந்துவிடுமாம். மீதிப் பேர் என்னைப் போல. மூன்று நான்கு பேனாவில் மை இருக்கும், மற்றதெல்லாம் கழுவி, துடைத்து, வெல்வெட்டில் தூங்கும்.

பேனாக் கம்பெனிக்காரர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. ஜப்பானின் பிளாட்டினம் கம்பெனி 2011-ல் 3776 செஞ்சுரி என்று ஒரு பேனா கொண்டுவந்தது. அதன் மூடிக்குள் ஸ்ப்ரிங் வைத்த இன்னொரு மூடி. காற்றுப் புகாமல் அடைத்துக்கொள்ளும், ஒரு வருஷத்துக்கு மேல் தொடாமல் வைத்திருந்தாலும் மை காயாது, எடுத்த எடுப்பில் எழுதும் என்பதுதான் விளம்பரமே. நீங்கள் எழுத மாட்டீர்கள் என்று நம்பி ஒரு பேனாவை வடிவமைத்திருக்கிறார்கள் :-) நானும் ஒன்று வாங்கினேன்.

மைக் கணக்கு இதைவிட மோசம். பேனாவுக்குள் போடும் கன்வெர்ட்டர் பலவற்றில் 1 மில்லிகூடப் பிடிக்காது. என்னிடம் 50 மில்லி பாட்டில்கள் 22. வாரத்துக்கு 1 மில்லி எழுதித் தீர்த்தாலும் 21 வருஷம் ஓடும். உண்மையில் என் மை எழுதித் தீர்வதே இல்லை. குளிர்காலத்தில் வீட்டு ஹீட்டர் காற்றில் காய்ந்து, நிப்பில் பிசுபிசுவென்று ஒட்டி, கடைசியில் கழுவும் தொட்டிக்குப் போகும்.

இந்த இடத்தில் கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன்.

என் அப்பா அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து 1964-ல் கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்தவர். பஜார் ரோட்டில் ஒரு மலஞ்சரக்குக் கம்பெனியில் கணக்கப்பிள்ளை. மிளகும் சுக்கும் அடைத்த மூட்டைகள் கூரைவரை ஏறியிருக்கும் குடோன். பாண்டிகசாலை என்பார்கள் அங்கே. அதன் ஓரத்தில் ஒரு மேஜை, அதன்மேல் பேரேடு, நாள்வழி, ஒரே ஒரு பேனா. கறுப்பு எபோனைட் பேனா, பெயர் தேய்ந்துபோயிருக்கும். மூடியைத் திறந்தால் மைவாசனையோடு சுக்குவாசனையும் வரும்.

அது ஃபில்லரால் நேரடியாக உடம்புக்குள் மை ஊற்றுகிற பேனா. அந்த ரகத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. மை கால்வாசிக்குக் கீழே இறங்கினால் உள்ளே காற்று அதிகமாகிவிடும். கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையைத் தள்ளும், பேனா பேரேட்டின் நடுவே ஒரு சொட்டுக் கக்கிவைக்கும். தினமும் எழுதுகிறவனுக்கு அது எப்போது கக்கும் என்று கைக்கே தெரிந்துவிடும். அப்பா பாதியிலேயே நிரப்பிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை பச்சைத் தண்ணீரில் கழுவுவார். சுடுதண்ணீர் பட்டால் எபோனைட் கறுப்பு வெளுத்துப் பழுப்பாகிவிடும் என்பார். யாருக்கும் இரவல் தர மாட்டார். "நிப்பு என் கைக்குப் பழகிருக்குல. நீ தொட்டா அது மறந்துரும்."

அந்தப் பேனாவால் பகலில் கம்பெனிக் கணக்கு, ராத்திரி ஊருக்குக் கடிதம். நான் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தபோது வாரம் ஒரு இன்லேண்ட் எனக்கு. 2001-ல் கனடா வந்தபிறகும் வாரம் ஒரு கடிதம். நானும் பதில் போட்டேன். அப்புறம் தொலைபேசி அட்டை, ஸ்கைப், வாட்ஸப் என்று ஆனது. 2005 வாக்கில் நான் எழுதுவதை நிறுத்தினேன். அவர் 2008 வரை எழுதினார். பதில் வராத விலாசத்துக்கு எத்தனை நாள்தான் எழுதுவார்? வேடிக்கை என்ன என்றால், நான் பேனா சேர்க்க ஆரம்பித்ததும் 2008-ல்தான்.

போன ஜூலையில் 12 நாள் லீவு போட்டு மட்டாஞ்சேரி போனேன். அப்பாவுக்கு 84 வயது. அக்கா வீட்டில் இருக்கிறார். காது இரண்டு வருஷமாக மந்தமாகி, இப்போது சுத்தமாகக் கேட்பதில்லை. காதுக்கருவி வைத்தால் தலைக்குள் மழை பெய்கிற மாதிரி இருக்கிறது என்று கழற்றிவிட்டார். வீடியோவில் நான் பேசப் பேச, அவர் சிரித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தலையாட்டல் வெறும் மரியாதைக்கு என்று நேரில் போனபிறகுதான் புரிந்தது.

அக்கா ஒரு நாற்பது பக்க நோட்டை என் கையில் கொடுத்தாள். "பேசணும்னா இதிலே எழுதிக் காமி."

அந்த வீட்டு அலமாரியில் நான் ஒவ்வொரு பயணத்திலும் அப்பாவுக்குக் கொண்டுவந்து கொடுத்த பேனாக்கள் 4 இருந்தன. பெட்டி பிரிக்காமல். நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதினேன்: "ஏன் எழுதல?"

படித்துவிட்டு, கேட்காதவர்களுக்கே உரிய உரத்த குரலில் சொன்னார். "யாருக்கு எழுத? நீ லெட்டர் போட்டாத்தான பதில் போட முடியும்?"

பக்கத்திலேயே அவருடைய பழைய பேரேடு. அதற்குள் ஒரு செய்தித்தாள் துண்டு. 2009-ல் மோன்ட் பிளாங்க் கம்பெனி காந்தி பெயரில் விட்ட தங்கப் பேனா பற்றிய செய்தி. தண்டி யாத்திரையின் 241 மைலுக்கு 241 பேனா. ஒன்று 11 லட்சம் ரூபாய்க்கு மேல். காந்தி பெயரை இப்படி விற்கலாமா என்று கேரள உயர் நீதிமன்றத்தில், அதாவது காயலுக்கு அக்கரை எர்ணாகுளத்தில், ஒரு நுகர்வோர் அமைப்பு வழக்குப் போட்டது. 2010-ல் கம்பெனி இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. அந்தத் துண்டின் ஓரத்தில் அப்பா கையெழுத்தில் ஒரே வரி: "இதில் யார் எழுதுவார்கள்?"

காந்திக்கு வந்த இன்னொரு பேனா இருக்கிறது. ராஜமுந்திரியில் ரத்னம் என்பவர் 1932-ல் தொடங்கிய சுதேசிப் பேனா. அதை 1935-ல் காந்தியிடம் சேர்த்தவர் நம்ம தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. நன்றிக் கடிதத்தில் காந்தி, அதை உபயோகித்துப் பார்த்ததாகவும், கடைத்தெருவில் கிடைக்கும் வெளிநாட்டுப் பேனாக்களுக்கு நல்ல மாற்றாகத் தெரிவதாகவும் எழுதினார். அழகு, தங்கம், அபூர்வம் என்ற பேச்சே இல்லை. என்னிடமும் ஒரு ரத்னம் பேனா உண்டு. இரண்டு தடவை மை போட்டிருப்பேன்.

12 நாளும் நோட்டில் எழுதித்தான் பேசினேன். "மாத்திரை போட்டாச்சா?" "பிள்ளைங்க நல்லா படிக்கிறாங்க." "சம்பளம் பரவாயில்லை. வேலை போரடிக்குது." காயல் ஈரத்தில் தாள் நமத்துப்போய் மை பூத்தது. அழகாக எழுதவேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. அவர் கண்ணாடியைச் சரிசெய்து படிக்கத் தயாராக நிற்கும்போது நிப்பு ஃபைனா மீடியமா என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்?

ஆறாம் நாள் ஒரு வாக்கியத்தின் நடுவில் பேனா நின்றுவிட்டது. நிப்பைத் துடைத்தேன், உதறினேன், வரவில்லை. கழற்றிப் பார்த்தால் மை இல்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒரு பேனாவில் மை எழுதித் தீர்ந்திருக்கிறது! கொண்டுபோன பேனா ஒன்றுதான், பாட்டில் கிடையாது. 22 பாட்டிலும் டொராண்டோவில்.

மழையில் மை தேடிப் போனேன். யூதத் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய பேனாக்கள் வரிசையாக இருந்தன. நிப்பெல்லாம் துரு. "மை இருக்கா சேட்டா?" என்றால் சிரிக்கிறார் கடைக்காரர். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரருக்கு அவர் பில் எழுதியது பால்பாயின்ட் பேனாவால். நாலு ஸ்டேஷனரி ஏறி இறங்கி, ஐந்தாவதில் தூசி தட்டி ஒரு பிரில் ராயல் ப்ளூ கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு ஓடி வந்த மாதிரி எந்த விலையுயர்ந்த ஜப்பான் மைக்கும் நான் ஓடியதில்லை.

ஒன்பதாம் நாள் ராத்திரி, பகலில் கேட்க முடியாத ஒன்றை எழுதினேன். 2021 மே மாதம் அம்மா கோவிட்டில் போனபோது நான் வரவில்லை. இந்தியாவிலிருந்து நேரடி விமானங்களைக் கனடா நிறுத்தியிருந்தது உண்மை. ஆனால் சுற்றி வந்திருக்கலாம். திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்வேனோ, வேலை போய்விடுமோ என்று பயந்துதான் வரவில்லை. போனில் எல்லாரிடமும் விமானம் இல்லை என்றே சொல்லியிருந்தேன். அதை அரைப் பக்கம் எழுதி அப்பாவிடம் நீட்டினேன்.

மெதுவாகப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "மழை விட்டுட்டு. அக்காட்ட துணியை வெளிய போடச் சொல்லு" என்றார். மறுநாள் காலை நோட்டில் அந்தப் பக்கம் இல்லை. நான் கேட்கவில்லை.

அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. அவர் சொன்னது எதுவும் அதில் கிடையாது, நான் கேட்டது மட்டும்தான். ஆனால் என் 46 பேனாவும் சேர்ந்து இதுவரை எழுதியதில் யாராவது ஒருவருக்கென்று எழுதப்பட்டது அந்த நோட்டு மட்டும்தான்.

அலுவலகம் திரும்பியதும் சீன நண்பரிடம் என் பழைய பதிலைத் திருத்திக்கொண்டேன். தினமும் எழுதுவதில்லை நண்பா, வாரம் ஒருநாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவுக்கு ஒரு கடிதம், ஒவ்வொரு வாரமும் வேறு வேறு பேனா. போய்ச்சேர இரண்டு மூன்று வாரம் ஆகிறது. இதுவரை 14 போட்டிருக்கிறேன், 9 பதில் வந்திருக்கிறது. எல்லாம் பால்பாயின்ட்டில்தான் :-) பெட்டி பிரிக்காத 4 பேனாவும் அப்படியே இருக்கிறதாம், கை நடுக்கத்துக்கு பால்பாயின்ட்தான் சரியாம்.

போன வாரம் வந்த கடிதத்தின் கடைசிப் பத்தி: "பச்சை மையில் எழுதாதே, கெஜட்டட் ஆபீசர் அட்டெஸ்ட் செய்தது போல் இருக்கிறது. ஆறாவது கடிதத்துப் பேனா நன்றாக இருந்தது, எழுத்து தெளிவு. அதற்கு அடுத்ததைத் தூரப் போடு. அம்மா திதிக்கு வருவாயா என்று எழுது."

தூரப் போடச் சொன்னது நான் அதிக விலை கொடுத்து வாங்கிய பேனா. அதைக் கழுவி வைத்துவிட்டேன். டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.