இடம் கேட்கும் ஓசை

கனடாவில் ஒண்டாரியோ பக்கம் வீடு கட்டுகிறவர்கள் அஸ்திவாரத்தை நான்கடி ஆழத்துக்காவது இறக்குவார்கள். குளிர்காலத்தில் மண்ணிலுள்ள ஈரம் உறைந்து விரியும். உறையும் ஆழத்துக்குக் கீழே கால் ஊன்றாத சுவரை அது மெல்லத் தூக்கிவிடும். இவ்வளவு தோண்டியாகிவிட்டது, இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஒரு தளமே கிடைக்குமே என்ற கணக்கில் அமைவதுதான் பேஸ்மென்ட். ஃபர்னஸ், வெந்நீர்த் தொட்டி, வாஷிங் மெஷின், ஊரிலிருந்து வந்த சூட்கேஸ்கள், இனி யாருக்கும் பொருந்தாது என்று தெரிந்தும் எறிய மனம் வராத பனிக்காலச் சப்பாத்துகள் எல்லாம் அங்கேதான் குடியிருக்கும். நம்மவர்களில் பலருக்கு இந்த நாட்டில் முதல் முகவரியே யாரோ ஒருவருடைய பேஸ்மென்ட்தான். சொந்தமாக ஒன்று அமைந்ததும், அதை வாடகைக்கு விடாமல் சினிமாக் கொட்டகையாக்கப் போகிறேன் என்றேன். நண்பர்கள் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

திரை, புரொஜெக்டர், சுற்றிலும் வைக்கிற ஐந்து ஸ்பீக்கர்கள் எல்லாம் கடையில் வாங்கியவை. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பணம் கொடுத்தேன், வந்தன. ஆழ்ந்த ஓசைக்கான சப்வூஃபரை மட்டும் நானே செய்வதென்று முடிவு. காசு மிச்சம் என்பது வீட்டில் சொன்ன காரணம். உண்மைக் காரணம் வேறு. என் காலத்தில் கைக்குள் அடங்காத பொருள் என்று ஏதும் மிஞ்சவில்லை. கேமரா, டைப்ரைட்டர், அகராதி, டார்ச் லைட், தபால் பெட்டி எல்லாம் ஒரு கண்ணாடிச் சில்லுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன. சுருங்க மறுத்த ஒன்றே ஒன்று கீழ்ஸ்தாயி ஓசை. அதன்மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு.

அது ஏன் சுருங்காது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. நொடிக்கு 20 தடவை அதிர்கிற ஓசை, அதாவது 20 ஹெர்ட்ஸ், ஒரு அலைக்கு 17 மீட்டர் நீளம் எடுத்துக்கொள்ளும். என் பேஸ்மென்ட்டின் நீளமே ஆறு மீட்டர்தான். அந்த அலையைக் கிளப்ப வேண்டுமென்றால் காற்றை நிஜமாகவே தள்ளவேண்டும். 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் தர, 80 ஹெர்ட்ஸில் அதன் கூம்பு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தால் போதும். 40 ஹெர்ட்ஸில் மூன்று மில்லிமீட்டர். 20 ஹெர்ட்ஸில் முன்னுக்கும் பின்னுக்குமாக ஒவ்வொரு பக்கமும் பன்னிரண்டு. ஒரு ஸ்தாயி இறங்க இறங்க அசைவு நான்கு மடங்காகிறது. இதே வேலையை ஊரில் எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டரில் இருந்த நான்கங்குல ஸ்பீக்கர் செய்ய நினைத்தால், அதன் கூம்பு கிட்டத்தட்ட இருபது சென்டிமீட்டர் முன்னே பாய வேண்டும். டேப் ரெக்கார்டரை விட்டே வெளியே வந்துவிடும்.

போதாக்குறைக்கு நம் காதும் கீழ்ஸ்தாயியில் சோம்பேறி. நடு ஸ்தாயி ஓசைகள் இரண்டு மூன்று டெசிபல் இருந்தாலே கேட்டுவிடும். 20 ஹெர்ட்ஸ் ஓசை 78 டெசிபலைத் தொட்டால்தான் காது ஏறிட்டே பார்க்கும். ஃப்ளெட்சரும் மன்சனும் இதை 1933-இலேயே வளைகோடுகளாக வரைந்து காட்டினார்கள்.

அப்படியானால் அந்த டேப் ரெக்கார்டரில் நான் கேட்டது என்ன? எண்பதுகளின் இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிட்டார், பாடுகிறவரோடு சேராமல் தன்பாட்டுக்கு ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டு நடக்கும். அந்த நடையை நான் முணுமுணுத்திருக்கிறேன். பள்ளிக்கூட டெஸ்க்கில் தட்டியிருக்கிறேன். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். அந்த ஸ்பீக்கரால் அதை எழுப்பவே முடியாது. விடை காதில் இல்லை, மூளையில் இருக்கிறது. 41 வராவிட்டாலும் அதன் மடங்குகளான 82, 123, 164 எல்லாம் வருகின்றன. அவற்றுக்கு இடையிலுள்ள சம இடைவெளியை வைத்து, அடியில் 41 இருந்தாகவேண்டும் என்று மூளை தானே முடிவுகட்டி, இல்லாத சுரத்தை நிரப்பிக்கொள்கிறது. ஆக நான் வருஷக்கணக்காக ரசித்த அடிச்சுரங்களில் பாதி ராஜாவுடையது, மீதி நானே போட்டது. சிறிய ஸ்பீக்கர் செய்கிற ஏமாற்றுக்குக் காதும் உடந்தை. மெட்டைச் சொல்ல அது போதும். ஆனால் நெஞ்சுக்கூட்டில் வந்து படுகிற அழுத்தத்தை மூளை எவ்வளவு முயன்றாலும் கற்பனை பண்ணித் தராது. அதற்குக் காற்று வேண்டும்.

காற்றை அடைக்கப் பெட்டி வேண்டும், பெட்டி விஷயத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. பெட்டி சிறியதாக இருக்கலாம், ஓசை ஆழமாக இறங்கலாம், குறைந்த மின்சாரத்தில் உரக்கக் கேட்கலாம். இந்த மூன்றில் இரண்டைத்தான் கேட்க முடியும்; மூன்றாவதை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். ஹாஃப்மனின் இரும்பு விதி என்பார்கள். அதே திறனோடு ஒரு ஸ்தாயி கீழே இறங்கப் பெட்டி எட்டு மடங்கு பெரிதாக வேண்டும். ஆன்டன் ஹாஃப்மன், பியானோ மேதை ஜோசப் ஹாஃப்மனின் மகன். 1957-இல் அமெரிக்காவில் மசாசுசெட்ஸின் கேம்பிரிட்ஜில் தொடங்கிய கே.எல்.ஹெச். ஸ்பீக்கர் நிறுவனப் பெயரில் கடைசி எழுத்து அவருடையது. முதல் எழுத்து ஹென்றி க்ளாஸ். அவர் அதற்கு முன்னால் எட்கர் வில்ச்சரோடு சேர்ந்து வேலை பார்த்தவர். வில்ச்சர் 1954-இல் கொண்டுவந்த ஏ.ஆர்.-1 ஸ்பீக்கரில்தான் காற்றுப் புகாமல் மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றே கூம்புக்கு ஸ்பிரிங்காக வேலை செய்தது. அதுவரை பீரோ அளவில் இருந்த பெட்டி புத்தக அலமாரித் தட்டுக்குள் வந்தது. சுருங்கிவிட்டதே என்று நினைக்கலாம். விலையை ஆம்ப்ளிஃபயர் கட்டியது. முன்பு சில வாட்டில் நடந்த காரியத்துக்கு இப்போது பல மடங்கு வாட் தேவைப்பட்டது. இரும்பு விதி கடன் கொடுக்கும், தள்ளுபடி கொடுக்காது.

பெட்டி செய்வதில் முன்னெல்லாம் தச்சனின் கைராசியை நம்பவேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இலும், அவரைப் பின்பற்றி ரிச்சர்ட் ஸ்மால் எழுபதுகளின் தொடக்கத்திலும் அதைச் சூத்திரமாக்கிவிட்டார்கள். இன்று எந்த ஸ்பீக்கரை வாங்கினாலும் அவர்கள் பெயரிலான எண்கள் கூடவே வருகின்றன. கூம்பு தன்னிச்சையாக எந்த ஹெர்ட்ஸில் ஆடும், அதன் ஸ்பிரிங் எத்தனை லிட்டர் காற்றுக்குச் சமம் என்பது போன்றவை. இலவச மென்பொருளில் அவற்றை உள்ளிட்டால், மரத்தைத் தொடுவதற்கு முன்பே பெட்டி எப்படிப் பாடும் என்று கோடு வரைந்துவிடும். தங்கள் வேலையை இவ்வளவு பெருந்தன்மையாகக் கொடுத்துவிட்டுப் போன விஞ்ஞானிகள் வேறு துறையில் இருக்கிறார்களா, தெரியாது.

என் பெட்டி 100 லிட்டர். குழாய் வைத்துத் திறந்துவிடுவதா, முழுக்க மூடுவதா என்பதுதான் செய்கிறவர்களிடையே ஓயாத வழக்கு. குழாய் வைத்தால் பெட்டியும் குழாயும் சேர்ந்து, காலி பாட்டிலின் வாயில் ஊதினால் வருவதுபோல ஒரு குறிப்பிட்ட ஓசைக்கு ஒத்து அதிரும். அந்த இடத்தில் ஓசை இலவசமாகக் கூடும். 100 லிட்டரை 20 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்க்க, நான்கங்குலக் குழாய் அரை மீட்டருக்குச் சற்றே கூட இருந்தால் போதும். ஆனால் படத்தில் குண்டு வெடிக்கிறபோது அந்தக் குறுகலான வாய் வழியாகக் காற்று சீறும். நொடிக்கு 17 மீட்டர் வேகத்தைத் தாண்டினால் புஸ்ஸென்ற சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். சீறாமலிருக்க ஆறங்குலக் குழாய் போடலாம். அதற்கு நீளம் ஒன்றேகால் மீட்டர் வேண்டும். பெட்டியைவிட நீளமான குழாயை மடக்கி, அதன் இடத்துக்கு ஈடாகப் பெட்டியைப் பெரிதாக்கி... நான் மூடிய பெட்டிக் கட்சியில் சேர்ந்துவிட்டேன். குழாய்ப் பெட்டியில் சுருதிக்குக் கீழே ஓசை ஸ்தாயிக்கு 24 டெசிபல் என்று செங்குத்தாக விழும். மூடிய பெட்டியில் 12 என்று சரிவாக இறங்கும். சிறிய அறையில் இந்தச் சரிவுக்கு ஒரு பயன் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

பலகைக்கு மரநாரை அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப்.தான். முக்கால் அங்குலம், எட்டுக்கு நான்கடி, ஒரு தகடு நாற்பது கிலோவுக்கு மேல். தேக்கும் ரோஸ்வுட்டும் இங்கே உதவாது. பெட்டி அழகாகப் பாடக்கூடாது, வாய் திறக்காமல் இருக்கவேண்டும். பாடுகிற வேலை கூம்புக்கு மட்டும். அதனால் உள்ளே குறுக்குச் சட்டங்கள் போட்டு எந்தப் பக்கத்தையும் அதிரவிடாமல் கட்டவேண்டும். கடையிலேயே நேர்வெட்டு வெட்டித் தருவார்கள். வட்டம் மட்டும் நம் தலையில். மரம் குடைகிற ரௌட்டரை ஒரு மரச்சட்டத்தில் பிணைத்து, நடுவில் ஆணியடித்துச் சுற்றினால் பிசிறில்லாத வட்டம் விழும். அந்தத் தூள் இருக்கிறதே, மாவுபோல மெல்லியது. முகமூடி இல்லாமல் அந்தப் பக்கம் போகக்கூடாது. கராஜில் செய்ய வேண்டிய வேலை, ஆனால் ஒண்டாரியோவில் அக்டோபர் முடிந்தால் கராஜ் பயன்படாது. பத்து டிகிரிக்குக் கீழே மரப்பசை சரியாகப் பிடிக்காது. வெட்டியதைக் கீழே இறக்கி, ஃபர்னஸின் கதகதப்பில் ஒட்டி, கிளாம்ப் போட்டு இறுக்கி வைத்தேன்.

ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அம்மா படியிறங்கி வந்து அதைச் சுற்றிப் பார்த்தாள். விரல் முட்டியால் தட்டினாள். தட்டிப் பார்க்கிற பழக்கம் எங்கள் வீட்டில் தேங்காயிலிருந்து எல்லாவற்றுக்கும் உண்டு. டொக்கென்று செத்த சத்தம்தான் வந்தது. "பத்தாயம் மாதிரி இருக்கே, இதுல என்னத்தக் கொட்டி வைக்கப் போறே?" என்றாள். காற்று என்றேன். மேலே போய்விட்டாள்.

பெட்டி முடிந்ததும் பாதி வேலைதான் முடிந்திருந்தது. மீதிப் பாதி அறை. மேல்ஸ்தாயி ஓசை சுவரில் பட்டுச் சிதறும், சோபாவில் பட்டு அடங்கும். கீழ்ஸ்தாயி ஓசை எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே தங்கி நிற்கும். அறையின் அகலம் நான்கு மீட்டர். அதில் அரை அலையாகப் பொருந்துகிற ஓசை 43 ஹெர்ட்ஸ். அந்த ஓசை இரண்டு பக்கச் சுவர்களையும் ஒட்டி வீங்கி, நட்ட நடுவில் இல்லாமலே போகும். நடுவில்தான் சோபா. பேஸ் கிட்டாரின் அடித்தந்தியில் முதல் ஃப்ரெட்டைப் பிடித்தால் வருகிற சுரமும் அதே 43-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. பாட்டில் அந்த ஒரு சுரம் வருகிறபோதெல்லாம் நடுவில் இருக்கிற எனக்குப் படியில் ஒரு கல் பெயர்ந்த மாதிரி. சுவரோரமாகச் சாய்ந்திருக்கிற என் மனைவிக்கு அதே சுரம் மட்டும் இடிக்கும். ஒரே சோபா, ஒரே பாட்டு, இரண்டு பேருக்கும் வேறு வேறு கச்சேரி.

இதற்குப் பழைய வைத்தியம் ஒன்று உண்டு. சப்வூஃபரைத் தூக்கி நாம் உட்காரும் சோபாவில் வைத்து, பேஸ் நடந்துபோகிற பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, காது தரையை ஒட்ட அறை முழுக்கத் தவழவேண்டும். எந்த மூலையில் எல்லாச் சுரமும் சமமாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைத்தால், சோபாவிலும் அப்படியே கேட்கும். ஒலி போன வழியிலேயே திரும்பவும் வரும் என்ற விதியின் பலன் இது. சோபாவில் பெட்டி வீற்றிருக்க, நான் நாலு காலில் ஊர்ந்துகொண்டிருந்த நேரத்தில் அம்மா காபியோடு வந்தாள். "எதைடா தொலைச்சே?" என்று அவளும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டாள்.

மூடிய பெட்டிக்கு அறை செய்கிற உபகாரம் என்று சொன்னேனே, அது 29 ஹெர்ட்ஸுக்குக் கீழே. ஆறு மீட்டர் நீளத்தில் பொருந்துகிற கடைசி அரை அலை அதுதான். அதற்கும் கீழே போனால் அலையென்று ஒன்று அறைக்குள் கொள்ளாது; அறைக் காற்று முழுவதும் ஒன்றாக அழுந்தி ஒன்றாக விரியும். கூம்பு சரிந்து இறங்குகிற அளவுக்கு அறை தூக்கிவிடும். கான்கிரீட் சுவர், மண்ணுக்குள் புதைந்த அறை, கதவை இறுகச் சாத்தினால் இன்னும் நல்லது. நான் வாங்கிய ஸ்பீக்கர் 15 அங்குலம். உண்மையில் ஒலிப்பது பேஸ்மென்ட். வீட்டுக் கடன் பத்திரத்தில் இதற்குத் தனியாக விலை போடவில்லை.

1974-இல் 'எர்த்குவேக்' படத்துக்காக யுனிவர்சல் நிறுவனம் 'சென்சரவுண்ட்' என்ற ஏற்பாட்டோடு கொட்டகைகளில் ராட்சத ஸ்பீக்கர்களை இறக்கியது. ஹாலிவுட்டின் சைனீஸ் தியேட்டரில் கூரைப் பூச்சு பெயர்ந்து ரசிகர்கள் தலையில் விழாமலிருக்க வலை கட்டினார்களாம். எங்கள் வீட்டில் வலை தேவைப்படவில்லை. ஆனால் பேஸ்மென்ட்டின் கூரையும் மேல்தளத்தின் தரையும் ஒரே மர உத்தரங்கள்தான். அவற்றுக்கிடையே ஃபர்னஸின் தகர டக்ட்கள் ஓடுகின்றன. 20-இலிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறுகிற ஓசையைப் போட்டால், வீட்டில் தளர்ந்து கிடக்கிற பொருளெல்லாம் ஒவ்வொன்றாகத் தன் முறை வந்ததும் எழுந்து ஆஜர் சொல்லும். முதலில் டக்ட்டின் மூட்டு, பிறகு விளக்கின் கண்ணாடி, மாடியில் எவர்சில்வர் தட்டுகள், கடைசியாகப் பூஜை அலமாரியில் மணி. டக்ட்டுக்கு ரப்பர் திண்டு கொடுத்தேன். தட்டுகளுக்கு அடியில் துணி விரித்தாயிற்று. மணியை அப்படியே விடச்சொல்லி அம்மா உத்தரவு.

அந்த 43 ஹெர்ட்ஸ் வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. ஈக்வலைசர் மூலம் கூட்டிக் குறைக்கலாம் என்றால், ஓசையே இல்லாத இடத்தில் எவ்வளவு மின்சாரம் கொட்டினாலும் ஒன்றும் நிரம்பாது. ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-இல் எத்தனை சப்வூஃபர் இருந்தால் போதும் என்று ஆராய்ந்து எழுதியிருக்கிறார். எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஆளுக்கொன்றாக வைத்து ஒரே ஓசையை விட்டால், அகலத்தில் நிற்கிற அந்த அரை அலையை இரண்டும் எதிரெதிராகத் தள்ளி எழவிடாமல் செய்துவிடும். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே சோபாவின் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் ஏறக்குறைய ஒரே கச்சேரி. இரண்டாவது பெட்டிக்குப் பலகை வெட்டி வந்து படிக்குக் கீழே சாத்தியிருக்கிறது. இடது சுவரின் நடுவில் இடம் தயார். வலது சுவரின் நட்டநடுவில் இருப்பது வாஷிங் மெஷின் அறையின் கதவு. "வாரத்துக்கு நாலு நாள் துணி துவைக்கணும், நாற்பது கிலோ பெட்டியை யார் நகர்த்துவாங்க?" என்று மனைவி கேட்கிறாள். சக்கரம் வைக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். கதவை வேறு பக்கம் மாற்ற எவ்வளவு ஆகும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அது அவளுக்கு இன்னும் தெரியாது.