34 மில்லிமீட்டர்

உங்க கால்குலேட்டரை எடுங்க. 1759ஐ 1.4ஆல் பெருக்குங்க. 2462.6 வருதா? அடுத்து 1775. அது 2485. கடைசியா 2133. அது 2986.2.

முதல் எண் லான்சியா டெல்டா எஸ்4 காரோட இன்ஜின் சிசி. இரண்டாவது பெஜோ 205 டர்போ 16. மூணாவது ஆடி ஸ்போர்ட் குவாட்ரோ. மூணுமே எண்பதுகளில் உலக ராலி சாம்பியன்ஷிப்பில் குரூப் பி வகுப்பில் ஓடின கார்கள். 1759 என்ன மாதிரி எண்? 1800னு ரவுண்டா வச்சிருக்கலாமே?

முடியாது. டர்போவோ சூப்பர்சார்ஜரோ வச்ச இன்ஜின் தன் அளவுக்கு மீறி காற்றை இழுக்கும். அதனால விதிப்புத்தகம் அதன் கொள்ளளவை 1.4ஆல் பெருக்கித்தான் கணக்கில் எடுக்கும். பெருக்கி வர்ற எண் எந்த வகுப்பில் விழுதோ, அதை வச்சுத்தான் காரின் குறைந்தபட்ச எடை. 2500க்குள் இருந்தா 890 கிலோ போதும். அதைத் தாண்டினா 960. 1800 சிசி வச்சா 2520 ஆயிடும், 70 கிலோ கூடுதலா சுமக்கணும். ஆடியோட கதை இன்னும் வேடிக்கை. பழைய குவாட்ரோ இன்ஜின் 2144 சிசி. பெருக்கினா 3001.6. மூணு லிட்டர் வகுப்பிலிருந்து 1.6 சிசி வெளியே நிக்குது! ஸ்போர்ட் குவாட்ரோவுக்கு இன்ஜினையே 2133ஆ சுருக்கிட்டாங்க.

இரண்டாம் வருஷத்தில் இதை முதல்முதலா படிச்சப்ப தனியா உட்கார்ந்து சிரிச்சேன். அதுவரைக்கும் விதின்னா எனக்கு லேடீஸ் ஹாஸ்டல் கேட் எட்டு மணிக்கு மூடும்ங்கிற மாதிரி ஒண்ணுதான். யாரோ போட்டது, நாம எரிச்சலோட கீழ்ப்படியறது. ஆனா இங்கே ஒரு விதியைப் படிச்சு, அதன் ஓரம் வரைக்கும் போய், ஒரு இன்ஜினையே அந்த ஓரத்தில் நிறுத்தியிருக்காங்க. யாரும் எதையும் மறைக்கல. கணக்குப் போடத் தெரிஞ்ச எல்லாருக்கும் அது தெரியும்.

குரூப் பி 1982இல் வந்தது. அந்தக் காரை 200 எண்ணிக்கை செஞ்சு காட்டினா போதும், அங்கீகாரம் கிடைச்சிடும். அதுக்குப் பேர் ஹோமோலோகேஷன். குரூப் ஏ வகுப்புன்னா ஒரே வருஷத்தில் 5000 கார் செய்யணும். ஆயிரக்கணக்கில் விற்கணும்னா ஜனங்க வாங்குற மாதிரி ஒரு கார் வேணும். 200 போதும்னா? முதல்ல ராலி காரை வடிவமைச்சிட்டு, அப்புறம் அதுக்கு நம்பர் பிளேட் மாட்டிக்கலாம். இன்ஜினை சீட்டுக்குப் பின்னாடி வச்சாங்க. எஸ்4இல் சூப்பர்சார்ஜர், டர்போ ரெண்டையும் ஒரே இன்ஜினில் மாட்டினாங்க. பெட்ரோல் டேங்கை சீட்டுக்கு அடியில் வச்சாங்க. எல்லாமே விதிக்குள்தான்.

1986 மே 2. கோர்சிகா தீவில் டூர் டி கோர்ஸ் ராலி. ஹென்றி டொய்வோனனும் அவரோட கோ-டிரைவர் செர்ஜியோ கிரெஸ்டோவும் போன எஸ்4 ஒரு வளைவில் சரிவுக்குள் விழுந்து எரிஞ்சுபோச்சு. ரெண்டு பேரும் இறந்துட்டாங்க. எரிஞ்சு முடிஞ்சப்ப மிச்சம் இருந்தது கருகின குழாய்ச் சட்டம் மட்டும்தான். அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி போர்ச்சுகலில் ஒரு ஃபோர்டு ஆர்எஸ்200 கூட்டத்துக்குள் பாய்ஞ்சு பார்வையாளர்கள் செத்திருந்தாங்க. கோர்சிகாவுக்கு அப்புறம் ஃபீசா, அதாவது அப்போ கார் பந்தயத்தை நடத்தின உலக அமைப்பு, 1987லிருந்து குரூப் பி கிடையாதுன்னு அறிவிச்சது. அந்தக் கார்களின் வீடியோவைப் பார்த்து "என்ன சத்தம் மச்சான்!"னு நாம கமென்ட் போடறோம். நானும் போட்டிருக்கேன். இப்போ போட மனசு வர்றதில்ல.

அப்புறம் குரூப் ஏ. டெல்டா இன்டெகிராலே, டொயோட்டா செலிகா ஜிடி-ஃபோர், சுபாரு இம்ப்ரெஸா, மிட்சுபிஷி லான்சர் இவோ எல்லாம் அந்த எண்ணிக்கை விதி பெத்த பிள்ளைகள். ஆனா அதுவும் சீக்கிரமே வேகம் பிடிச்சது. அதனால காற்றிலேயே கை வச்சாங்க. டர்போவுக்கு முன்னாடி ஒரு குறுகின துளை, அதுதான் ரெஸ்ட்ரிக்டர். 1992இல் 38 மி.மீ., 1995இல் 34.

கேஸ் டைனமிக்ஸ் வகுப்பில் தூங்காதவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். துளையில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுட்டா, அதுக்கு மேல எவ்வளவு உறிஞ்சினாலும் ஒரு கிராம்கூட கூடுதலா வராது. 34 மி.மீ. துளைக்குக் கணக்குப் போட்டா விநாடிக்கு சுமார் 0.21 கிலோ காற்று. 12 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல், கிலோவுக்கு 44 மெகாஜூல், 30 சதவீதம் எஃபிஷியன்ஸின்னு வச்சுக்கோங்க. 310 குதிரைத்திறன் பக்கம் வருது. அன்னைக்கு ராலி கார்களுக்கு எழுதி வச்சிருந்த 300க்குப் பக்கத்திலேயே! அசைன்மென்ட் பேப்பர் பின்பக்கத்தில் இதைப் போட்டுப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

இனி டொயோட்டா. 1995 அக்டோபர், ஸ்பெயினில் கேட்டலோனியா ராலி. செலிகாவின் ரெஸ்ட்ரிக்டரை அளந்தா சரியா 34. ஆனா காற்றுக் குழாயைப் பொருத்தி கிளாம்பை இறுக்கினா, உள்ளே ஸ்பிரிங்குகள் அமுங்கி ரெஸ்ட்ரிக்டர் சில மில்லிமீட்டர் நகரும். அந்த இடைவெளி வழியா, துளையைச் சுத்திக்கொண்டு கூடுதல் காற்று போகும். அளக்கறதுக்காகக் குழாயைக் கழட்டினா ஸ்பிரிங் தள்ளி மூடிக்கும். சோதனை பண்றவர் கையே சாட்சியை அழிச்சிடும். அந்த வருஷப் புள்ளிகள் அத்தனையும் போச்சு, கூடவே 12 மாசத் தடை. அறிவிச்ச ஃபியா தலைவர் மேக்ஸ் மோஸ்லியே அந்தக் கருவியின் சாமர்த்தியத்தைப் பாராட்டாம இருக்க முடியல.

நானும் பாராட்டினேன். எங்க டீமில் புதுசா சேர்ற ஒவ்வொரு ஜூனியருக்கும் இந்தக் கதையை நடிச்சே காட்டியிருக்கேன், கையால ஸ்பிரிங் அமுங்கறதெல்லாம் காட்டி.

எங்க டீம்னா மாணவர் ஃபார்முலா கார் டீம். நாங்க ஓட்டறது ராலி இல்ல, ஆனா ரெஸ்ட்ரிக்டர் எங்களுக்கும் உண்டு: 20 மி.மீ. எங்ககிட்ட இருந்தது ஒரு பழைய 600 சிசி பைக் இன்ஜின். போன வருஷப் போட்டியில், டெக் இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின ராத்திரி பிட்டில் நாங்களே ஒரு சோதனை பண்ணினோம். இன்ஜின் ஓடும்போது ரெஸ்ட்ரிக்டர் வாயை உள்ளங்கையால் மூடணும். இன்ஜின் உடனே நிக்கணும். எங்களுது நிக்கல. இருமிக்கிட்டே ஓடிச்சு.

ரெஸ்ட்ரிக்டருக்கு அப்புறம் இருக்கிற பிளீனத்தின் ஃபிளாஞ்ச் லேசா வளைஞ்சிருந்தது. 3டி பிரின்ட். நாலு போல்ட்டையும் முழுசா இறுக்கினா கசிவு நின்னுடுச்சு. பத்து நிமிஷம் ஓட்டினா அதிர்வில் தளர்ந்து, மறுபடி காற்று உள்ளே வந்தது.

நான்தான் சொன்னேன். "இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்னாடி இறுக்கிடலாம். டிராக்கில் தானா தளரும். நாம ஒண்ணும் பண்ணல இல்ல?"

ஒருத்தரும் பேசல. அப்போ தரையில் உட்கார்ந்து ஸ்பேனர் துடைச்சிட்டிருந்த செகண்ட் இயர் பையன் நிமிர்ந்து பார்த்தான். "அக்கா, அப்போ நாம டொயோட்டா பண்றோமா?" அவன் குரலில் குத்தல் இல்ல. அவனுக்குச் சந்தோஷம். நான் நடிச்சுக் காட்டின கதைக்குள்ளேயே வந்துட்ட மாதிரி கண்ணெல்லாம் மின்னுது.

எனக்கு முகம் சூடாயிடுச்சு. "எமரி ஷீட் இருக்கா பாரு"ன்னேன், வேற எதுவும் சொல்ல வாய் வரல. கேப்டன் எங்கிருந்தோ ஒரு கண்ணாடித் தகடு கொண்டுவந்தான். அதுமேல எமரி ஷீட்டை விரிச்சு, ஃபிளாஞ்சை மாறி மாறித் தேய்ச்சோம். புது கேஸ்கெட் வெட்டி, சீலன்ட் வச்சு, லாக் நட் போட்டப்ப மணி மூணு. சீலன்ட் காய காலை வரைக்கும் காத்திருந்தோம். அந்தப் பையன் கார் பக்கத்திலேயே தூங்கிட்டான்.

இன்ஸ்பெக்‌ஷனில் அந்த சார் கையை வச்சார். ஒரு விநாடிகூட ஆகல, இன்ஜின் நின்னுடுச்சு. ஷீட்டில் ஒரு டிக் போட்டுட்டு பிரேக் பக்கம் போயிட்டார்.

75 மீட்டர் ஆக்ஸிலரேஷனில் எங்க டீமைக் கண்டுபிடிக்கணும்னா பட்டியலைக் கீழேயிருந்து படிக்கறது சுலபம். அந்தக் கசிவு எத்தனை கிராம் காற்று கூடுதலா கொடுத்திருக்கும், எத்தனை இடம் மேல போயிருப்போம்னு பஸ்ஸில் திரும்பி வரும்போது கணக்குப் போட ஆரம்பிச்சேன். நோட்டில் பாதிப் பக்கம் வரைக்கும் இருக்கு. இன்னும் முடிக்கல.