தங்கையும் ஒப்பனைப் பள்ளியும்

கையில் ஒரு தொழில் இருந்தால் எந்த ஊரிலும் பிழைத்துக் கொள்ளலாம் என்பது, பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நம்மவர் யாவரும் அனுபவத்தால் அறிந்த உண்மை. ஆனால் அத்தொழில் எது, அதை எங்கே கற்பது, அதற்கு எவ்வளவு பொருள் செலவிடலாம் என்ற வினாக்கள் எழும்போதுதான் குடும்பங்களில் கலக்கம் உண்டாகிறது. அத்தகைய கலக்கம் ஒன்று அண்மையில் எங்கள் இல்லத்திலும் நேர்ந்தது. அதை நாங்கள் ஆராய்ந்த விதம் பிற குடும்பங்களுக்கும் பயன்படக்கூடும் என்று கருதியே இதனை எழுதுகிறோம்.

நாங்கள் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர்கள். இரயில்வே குமாஸ்தா உத்தியோகத்தின் பொருட்டுத் திருவனந்தபுரம் வந்தோம். வாடகை குறைவு என்பதால், பொன்முடி செல்லும் சாலையிலுள்ள வித்துராவில் குடியமர்ந்தோம். மலைமேல் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழ்க் குடும்பங்கள் இப்பக்கத்தில் உண்டாதலால், அயலூர் என்ற எண்ணம் தோன்றுவதில்லை. எங்களுடன் தாயாரும், பி.காம். முடித்த தங்கையும் வசிக்கின்றனர்.

தங்கை நகரிலுள்ள ஓர் ஒப்பனைப் பள்ளியில் சேர விரும்பினாள். மூன்று மாதப் படிப்பு. கட்டணம் 1,25,000 ரூபாய். காலஞ்சென்ற தந்தையார் அவளது திருமணத்திற்கென்று வைத்துச் சென்ற தொகையோ 1,50,000 ரூபாய்தான்.

"பிறர் முகத்தில் சாயம் பூசுவதும் ஒரு படிப்பா? இதற்காகவா உன் அப்பா வயிற்றைக் கட்டிச் சேர்த்தார்?" என்று தாயார் வருந்தினார்.

தங்கை கோபிக்கவில்லை. "போன மாதம் தோட்டத்துக் கல்யாணத்தில் மணப்பெண்ணைப் பார்த்தீர்களா, மதினி? முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். அவள் நிறத்திலேயே அவளை அழகாகக் காட்ட முடியாதா? அதைக் கற்றுக் கொள்ளத்தான் கேட்கிறேன்" என்றாள். அவளும் கறுத்த நிறத்தவளே. அவள் அந்த மணப்பெண்ணைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது எங்களுக்கு விளங்கிற்று. ஆகவே ஒரே சொல்லில் மறுத்துவிட மனம் வரவில்லை.

இது மதிப்புடைய தொழில்தானா என்பதை முதலில் ஆராய்ந்தோம். நாம் வாழும் இம்மலையாள நாட்டில் ஒப்பனை என்பது நெடுங்காலமாகவே ஒரு தனிக் கலை. கதகளி நடிகரின் முகத்தில் அரிசிமாவும் சுண்ணாம்பும் கலந்த பசையால் வெண்ணிற விளிம்பு கட்டுவதற்குச் 'சுட்டி' என்று பெயர். 1930இல் வள்ளத்தோள் முதலானோர் நிறுவிய கேரள கலாமண்டலத்தில் இச்சுட்டிக் கலை தனிப் பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. திரைத் துறையிலும் சிறந்த ஒப்பனைக்குத் தேசிய விருது உண்டு. 'பரதேசி' என்ற மலையாளப் படத்தில் கதாநாயகனை இளமை முதல் முதுமை வரை காட்டிய பட்டணம் ரஷீத், 2007ஆம் ஆண்டுக்குரிய அவ்விருதைப் பெற்றார்.

பெண்களுக்கு இத்துறையில் கதவு திறந்தது எளிதில் அன்று. மும்பைத் திரைத் தொழிலாளர் சங்கமொன்று, பெண்கள் தலை அலங்காரம் மட்டுமே செய்யலாம், முக ஒப்பனை ஆண்களுக்கே உரியது என்று பல்லாண்டுகளாக விதித்திருந்தது. அமெரிக்காவில் ஒப்பனைப் பள்ளியில் பயின்று வந்த சாரு குரானா என்ற பெண்மணிக்கும் அச்சங்கம் உறுப்பினர் அட்டை தர மறுத்தது. அவர் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 2014 நவம்பர் 10ஆம் நாள் அத்தடை செல்லாது என்று தீர்ப்பாயிற்று. நல்ல பள்ளியில் பெற்ற படிப்பு மட்டும் அவருக்கு வழி திறக்கவில்லை, வழக்காடவும் வேண்டியிருந்தது. இதைக் கேட்ட தாயார், "அப்படியானால் இது ஆண்களே விட்டுக் கொடுக்க மறுத்த தொழிலா!" என்று வியந்தார். அதன்பின் அவர் தொழிலைப் பழித்துப் பேசவில்லை.

அடுத்து ஆராய்ந்தது உடல்நலம். பழைய நாடக மேடைகளில் பூசிய அரிதாரம் ஆர்சனிக் கலந்த மஞ்சள் கனிமமாகும். இன்று ஆர்சனிக், ஈயம் சேர்த்து நிறமூட்டிய அழகுப் பொருள்களைச் சட்டம் தடை செய்கிறது. எனினும் ஆபத்து ஒழிந்துவிடவில்லை. 2023இல் மலப்புறம் மாவட்டத்தில், முகத்தை வெளுக்கச் செய்யும் பசைகளைப் பூசிவந்த சிலருக்குச் சிறுநீரக நோய் கண்டது. அப்பசைகளில் பாதரசம் இருந்ததே காரணம் என்று மருத்துவர்கள் கண்டறிந்தனர். ஆகவே தயாரிப்பாளரின் உரிம எண்ணும் காலாவதி நாளும் இல்லாத பொருளைத் தொடமாட்டேன் என்று சொல்லத் தெரிந்தவளே நல்ல ஒப்பனைக்காரி.

இவ்வளவும் அறிந்தபின் பள்ளியை நேரில் பார்த்து வந்தோம். கட்டடம் நேர்த்தியாக இருந்தது. ஆனால் சுவரிலும் பாடநூலிலும் இருந்த முகங்கள் அனைத்தும் வெளுத்த முகங்களே. "கறுத்த முகத்தில் எத்தனை நாள் பயிற்சி?" என்று தங்கை கேட்டாள். "எல்லாம் ஒன்றுதான்" என்று பதில் வந்தது. பேருந்தில் திரும்பும்போது அவள் நெடுநேரம் பேசவேயில்லை.

வருமானத்தையும் கணக்கிட்டோம். இத்தொழில் முகூர்த்தத்தை நம்பியது. மலையாளிகள் கர்க்கடகத்திலும், தமிழர்கள் ஆடி, மார்கழியிலும் பொதுவாக மணம் நடத்துவதில்லை. வேலையற்ற மாதங்களிலும் கடன் தவணை நிற்காது. தொழிற்பயிற்சிக்கு வங்கிகள் 7.5 லட்சம் ரூபாய் வரை கடன் வழங்க 2024 முதல் அரசின் திட்டம் இருக்கிறது. ஆனால் கடன் கிடைக்கிறது என்பது கடன் வாங்குவதற்குக் காரணமாகாது.

எங்கள் இரயில்வேயில் புதிய குமாஸ்தாக்களைத் திருச்சிராப்பள்ளிப் பயிற்சி நிலையத்துக்கு அனுப்புவர். விதிகளை அங்கே கற்கலாம். ஆனால் அவசரத்தில் வரும் பயணியிடம் பொறுமையாகப் பேசுவதைப் பயணச்சீட்டுக் கொடுக்கும் ஜன்னலே கற்பிக்கும். ஒப்பனையும் அத்தகையதே என்று தங்கையிடம் கூறினோம். முடிவை அவளிடமே விட்டோம்.

அவள் ஒரு வாரம் யோசித்தாள். நெடுமங்காட்டில் அழகு நிலையம் நடத்தும் முதிய அம்மையார் ஒருவரிடம் உதவியாளாகச் சேர்ந்தாள். சம்பளம் சொற்பம், முதல் மாதம் முழுவதும் தூரிகைகளைக் கழுவும் வேலைதான். ஆயினும் அங்கே வரும் முகங்கள் பல நிறத்தவை. அடுத்த ஆண்டு அரசினர் ஐ.டி.ஐ.யில் உள்ள ஓராண்டு அழகுக்கலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கவும் எண்ணியிருக்கிறாள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி அதற்குப் போதும். தந்தையார் தொகையைத் தங்கையின் பெயருக்கே மாற்றிவிடும்படி தாயார் கூறினார், அவ்வாறே செய்தோம். பின்னொரு நாள் தக்க பள்ளி கிடைத்தால், அதைச் செலவிடும் உரிமை அவளுடையது.

இத்தகைய பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்க்க எண்ணும் பெற்றோர் சிலவற்றைத் தயங்காமல் கேட்க வேண்டும். ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவியர்? மாணவி தன் கையாலேயே எத்தனை முகங்களுக்கு ஒப்பனை செய்வாள்? அம்முகங்களில் நம் நிறமும் உண்டா? சான்றிதழை அரசு ஏற்கிறதா? இவற்றுக்கு நேரான விடை தரும் பள்ளி, கட்டணம் சற்று மிகுந்திருப்பினும் நன்றே. விடை தராத பள்ளியில் அரைக் கட்டணமும் வீணே. கேள்வி கேட்கும் துணிவைப் பெண்களுக்கு வீட்டிலேயே நாம் கற்பித்து அனுப்புவோமாக.